ஆளவி நகரத்து உழவன்



பகவான் ஒருகால் சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து முப்பது யோசனைத் தொலைவிலுள்ள ஆளவி என்னும் ஊரில் ஏழை உழவன் ஒருவன் தம்மத்தை உணரத்தக்க பக்குவம் எய்தியிருப்பதைத் தம் ஞானக்கண்ணால் கண்டு, அவன் ஒருவன் பொருட்டாகவே புறப்பட்டு ஆளவி சேர்ந்தார். ஊரார் எதிர்கொண்டு வணங்கிப் பிக்கு சங்கத்திற்கு உணவளித்தனர். உழவனும் பகவான் வந்திருக்கும் செய்தியறிந்து மகிழ்ந்தான். அன்று காலையிலோ அவனுடைய எருது ஒன்று தொலைந்துபோயிருந்தது. எருதைத் தேடுவதா, தம்மம் கேட்கப் போவதா என்று மனம் தடுமாறி, முதலில் எருதைத் தேடி வருவோம் எனக் காட்டுக்குள் போய்விட்டான்.

உணவு முடிந்தது. தம்ம உரை நிகழவேண்டிய வேளையும் வந்தது. பகவான் வாய் திறந்தாரில்லை. பெரிய மனிதர்கள் எதிரே அமர்ந்திருக்க, யாருக்காகவோ காத்திருப்பவர்போல் மௌனமாயிருந்தார். நண்பகல் கடந்தபின் எருதைப் பிடித்து மந்தையில் சேர்த்துவிட்டு, உண்ணாமல் களைத்த உடலோடு அவ்வுழவன் ஓடிவந்து ஓர் ஓரமாய் நின்றான். அவனைக் கண்டதும் பகவான் உணவு பரிமாறிய காரியக்காரனை விளித்து, மிச்ச உணவு ஏதேனும் உண்டோ என வினவினார். உண்டென்றதும் அவனை உட்காரவைத்துப் பரிமாறச் சொன்னார். அவன் வயிறார உண்டு, கைகழுவி, உடல் தெளிந்து அமர்ந்தபின்னரே தம்மம் உரைக்கத் தொடங்கினார். உரை முடியுங்கால் உழவன் சோதாபத்தி நிலையை எய்தினான் என்பது தம்மபத உரைகாரர் தரும் வரலாறு.

திரும்பும் வழியில் பிக்குகள் தமக்குள் முணுமுணுத்தனர். ஒரு குடியானவனுக்குச் சோறு பரிமாறச் சொல்லி ஏற்பாடு செய்வது ததாகதருக்குத் தகுமோ என்பது அவர்தம் ஐயம். இவ்வாறு பகவான் தாமே ஒருவனுக்கு உணவு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி முப்பிடகங்களில் வேறெங்கும் இல்லை என உரைகாரரும் குறிப்பிடுகிறார். பசியைப்போன்ற கொடிய நோய் இல்லை, பசித்திருப்பவனுக்குத் தம்மம் சொன்னால் துன்பத்தின் மிகுதியால் அவன் அதனை விளங்கிக்கொள்ளான் என்பதே பகவான் பிக்குகளுக்கு அளித்த விடையின் கருத்தாகும்.

இவ்வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ‘பசித்தவனுக்குச் சோறிடு’ என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை என எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆயினும் இதற்குள் உற்று நோக்கத்தக்கவை சில உள. எருதைத் தேடப்போனதற்காகப் பகவான் உழவனைக் கடிந்துகொள்ளவில்லை. எருது போனால் ஏர் போயிற்று, ஏர் போனால் குடும்பம் போயிற்று என்பதை அரச குலத்தில் பிறந்த அவர் அறிந்திருந்தார். ஏழையின் நேரத்திற்காகச் செல்வர்களைக் காக்கவைத்தார். உணவைக் காட்டி அவனை அழைக்கவுமில்லை. தம்மம் கேட்க அவன் தானே வந்தான். அவனுக்கும் தம்மத்திற்கும் இடையே பசி நின்றது. அந்தத் தடையை மட்டும் நீக்கினார். உண்டபின் ‘இனி நீ என்னைச் சரணடைவாய் அல்லவா’ என்று வாக்குறுதி கேட்டதாகவும் வரலாறு இல்லை.

சேரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் தொண்டு செய்யப் புறப்படும் நம் சங்கத்தார்க்கு இவ்வரலாற்றைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை என்பது நம் துணிபு.

இவ்விதழைப் படிக்கும் நம்மில் பலர் தமிழகத்தின் எல்லைக்கு வெளியே பிழைக்க வந்த குடிகளின் மக்கள். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 1880-ஆம் ஆண்டில் ஆங்கிலக் குழுமம் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் கூட்டங்கூட்டமாய்ச் சென்றனர். ஊரில் பண்ணையடிமை, அங்கே சுரங்கக் கூலி. ஆயினும் அக்கூலியின் கையில் ரொக்கம் இருந்தது. அந்த ரொக்கத்திலிருந்து அவர்கள் தங்கள் அறிவிற்கும் பங்கு ஒதுக்கினர். 1898-இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிய பண்டிதர் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். அதன் கிளைகள் தங்கவயலில் தழைத்தன. 1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை வாங்கிப் படித்தவருள் சுரங்கத் தொழிலாளர் ஏராளம். பண்டிதர் 1914-இல் மறைந்தபின் அவர்தம் நூல்களை அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீப்சிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை. பூமிக்கடியில் கல்லுடைத்தவர்கள் கொடுத்த காசு அது.

பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த கையே பௌத்த வரலாற்றையும் எழுதியது. கர்னல் ஆல்காட் 1894 முதல் சென்னையில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளிகள் திறந்ததும் அக்காலத்தே. மருத்துவமும் பள்ளியும் தம்மமும் தமிழ்ப் பௌத்தத்தின் பிறப்பிலேயே ஒன்றாய்க் கலந்திருந்தன. ஆகவே, ‘சமூகத் தொண்டு சமயத்தின் வேலையன்று, அது அரசாங்கத்தின் வேலை’ என்று சொல்லும் அன்பர்கள் நம் சொந்த வரலாற்றையே அறியாதவர் ஆவர்.

அத்தங்கவயல் இன்று எவ்வாறிருக்கிறது? 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டு உழைப்பின் எச்சமாகச் சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூசு லயன் வீடுகளின் சோற்றுப் பானைக்குள்ளும் வந்து விழுகிறது. வேலைக்காக விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் போய், இரவு வீடு திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். குழந்தை விழித்திருக்கும்போது தந்தையின் முகம் காண்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையன்று, ‘வந்தனைக்கு ஏன் வரவில்லை’ என்று நாம் அவரைக் கேட்கிறோம். தொலைந்த எருதைத் தேடி வாரத்தில் ஆறு நாள் அலைகிறவர் அவர். கேட்குமுன் அதனை நினைத்துப் பார்த்தோமா?

மகாராட்டிரத்தில் நிகழ்ந்ததை இங்கே சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு தம்மத்தை ஏற்றார். அடுத்த டிசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார். இடையே ஏழு வாரங்களும் சில நாட்களுமே. இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்ற மக்களுக்குப் பஞ்சசீலத்தின் பொருளைக்கூடச் சொல்லித்தரப் போதிய ஆசிரியர் இல்லை. அவர்கள் நகரத்துக் குடிசைகளிலும் கிராமத்து ஊர்ப்புறத்து வாடைகளிலும் பழைய வறுமையோடேயே இருந்தனர். பாபாசாகேப் மறைந்த அன்று நாகபுரியில் இருந்த சங்கரட்சிதர் என்னும் ஆங்கிலேயப் பிக்கு அம்மக்களிடையே உரையாற்றி ஆறுதல் கூறினார். அவருடைய மாணாக்கரான லோகமித்திரர் 1977 அக்டோபரில் நாகபுரிக்கு வந்து மதமாற்ற நினைவு நாள் கூட்டத்தைக் கண்டு வியந்து, பின்னர் புனே நகரில் தங்கிப் பணியாற்றலானார். 1979-இல் திரைலோக்ய பௌத்த மகாசங்க சகாயக கணம் உருவாயிற்று. அதன் தொண்டுப் பிரிவு ‘பகுஜன ஹிதாய’ எனும் பெயர் பூண்டது. பலருடைய நன்மைக்காகச் செல்லுங்கள் என்று பகவான் முதல் அறுபது பிக்குகளை அனுப்பியபோது கூறிய சொல் அது.

புனே நகரின் தாபோடிக் குடிசைப் பகுதியில் மருத்துவ உதவியும், குழந்தைகளுக்கான பால்வாடியும், பெண்களுக்குத் தையல் வகுப்பும் நடத்தினர். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு விடுதிகள் திறந்தனர். விடுதி எதற்கு என்று கேட்பவர் மராட்வாடாப் பகுதியின் கரும்பு வெட்டும் கூலிகளின் வாழ்வை அறிதல் நன்று. ஐப்பசி கார்த்திகையில் முன்பணம் வாங்கிக்கொண்டு மேற்கிலுள்ள சர்க்கரை ஆலைகளின் வயல்களுக்குப் புறப்படும் அக்குடும்பங்கள் பங்குனி சித்திரையில்தான் வீடு திரும்பும். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள் எனக் கணக்கிடப்படுவர். இரண்டு மனிதர் ஓர் அரிவாளாக எண்ணப்படுமிடத்தில் பிள்ளையை யார் எண்ணுவார்? அதுவும் உடன் போகும். கரும்புத் தோகைக் குடிலில் தங்கைக்குக் காவலிருக்கும். பள்ளிக்கூடம் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். ஓர் அறையும் ஒரு விளக்கும் இரண்டு வேளை உணவும் பொறுப்புள்ள ஒரு காப்பாளரும் இருந்தால் அப்பிள்ளை அந்த ஆறு மாதமும் படிக்கும். இதனை உணர்ந்து செய்வதே தொண்டு. ஆண்டுக்கொருமுறை நோட்டுப் புத்தகம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதை அதற்கு ஈடென்று நாம் கொள்ளோம்.

இன்னொன்றும் அங்கே கவனித்தோம். அப்பணிகளில் ஈடுபட்டவருள் மிகப்பலர் அதே சேரிகளிற் பிறந்த புதுப் பௌத்தர்களே. வெளிநாட்டு அன்பர்கள் பொருள் திரட்டி அனுப்பினர் என்பது மெய். ஆனால் நோயாளியின் வாசற்படியில் போய் உட்கார்ந்தவர் அடுத்த தெருக்காரர். பகவான் உரைத்த நால்வகைச் சங்கிரக வத்துக்களுள் தானமும், இன்சொல்லும், பிறர்க்குப் பயன்படு செயலும் எல்லாச் சமயத்தாரும் போற்றுபவை. நான்காவதான ‘சமானத்ததா’, தன்னைப் பிறர்க்குச் சமமாய் வைத்தல், நமக்கெனவே சொல்லப்பட்டதுபோலும். சேரிக்கு அரிசி கொண்டுபோய், அவ்வீட்டார் தந்த தண்ணீரைத் தாகமில்லையென்று மறுத்துவரும் தொண்டர் முதல் மூன்றையும் செய்து நான்காவதில் எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார். நம்மிலும் படித்து உத்தியோகம் பெற்று நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்த சிலர் பிறந்த தெருவுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைவதுண்டு. அவர்களை நினைத்தே இதனை எழுதுகிறோம்.

கடன் என்னும் பேயைக் குறித்துப் பேசாமல் சேரித் தொண்டைப் பற்றிப் பேசுதல் வீண். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்பது குடிசைப் பகுதிகளில் சர்வ சாதாரணம். கேட்பதற்குப் பத்து ரூபாய், ஆண்டு முடிவில் நூற்றுக்கு நூற்றிருபது. முதல் அப்படியே நிற்கும். வாரத் தவணை வசூலிக்க வருபவர் வாசலில் நிற்கும்போது அவ்வீட்டுப் பெண்ணுக்குப் புத்த வந்தனையில் மனம் நிற்குமா? வியாக்கபஜ்ஜர் என்னும் இல்லறத்தார் பகவானிடம் சென்று, ‘நாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள், எங்களுக்கு இம்மையிலும் நலம் தரும் வழியைக் கூறுங்கள்’ என வேண்டியபோது பகவான் துறவைப் பற்றிப் பேசத் தொடங்கவில்லை. முயன்று பொருளீட்டல், ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து செலவு செய்தல் என நான்கைக் கூறினார். நீர்வரும் வாய் நான்கும் போகும் வாய் நான்குமுள்ள ஏரியை உவமை காட்டி, குடியும் சூதும் தகாத காமமும் தீயோர் உறவும் நீரை வடித்துவிடும் மதகுகள் என்றார். ஐந்தாம் சீலத்தைப் பக்திக்குரிய விரதமாக மட்டும் நாம் போதித்து வந்திருக்கிறோம். சேரிப் பெண்களோ அதனை ஏரி மதகு என்றே உடனே புரிந்துகொள்கின்றனர். நாம் சொல்லுமுன்பே அவர்களுக்கு அது தெரியும்.

இருபது வீட்டார் கூடி வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் வாரத்திற்கு 1,000 ரூபாய், ஆண்டில் 52,000 ரூபாய். பள்ளிக் கட்டணத்திற்கும் பிரசவத்திற்கும் வட்டிக்காரனிடம் ஓடாதிருக்க இது போதும். ஒன்றே நிபந்தனை. கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாரந்தோறும் உரக்கப் படிக்கப்படுதல் வேண்டும். கணக்குப் படிக்கப்படாத சங்கங்கள் எத்தனை உடைந்தன என்பதை நேயர்கள் தத்தம் ஊர்களில் எண்ணிப் பார்ப்பார்களாக. பிக்கு சங்கத்தில் உபோசத நாள்தோறும் விதிகள் ஓதப்பெற்றுக் குற்றம் வெளிப்படையாய் உரைக்கப்படுவது போலவே, இல்லறத்தார் கூட்டத்திற்கும் இவ்வொழுங்கு தேவை.

‘இவையெல்லாம் செய்தால் அரிசிக்காக வருவோர்தான் சேருவர்’ என்பாரும் உளர். இவ்வாட்சேபத்தில் ஓரளவு உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. கொடுப்பதை முன்னிட்டுச் சமயம் மாற்றுவது நமக்கு இழுக்கு. ஆகவே உதவி பெறுவோர் பெயரைப் பௌத்தர், பௌத்தரல்லாதார் எனப் பிரித்தெழுதுதல் கூடாது. அண்டை வீட்டு முஸ்லிம் குழந்தைக்கும் கிறித்தவக் குழந்தைக்கும் மாரியம்மன் கோயில் பூசாரியின் குழந்தைக்கும் மாலை வகுப்பில் ஒரே பாயில் இடமுண்டு. தம்மம் கேட்க விரும்புவோர் அதற்குரிய நேரத்தில் வருவர். வராதாரைச் சங்கம் குறைவாய் நடத்துமாயின் அந்நாளிலேயே அது சங்கமாயிருக்கும் தகுதியை இழக்கிறது.

தானம் மட்டும் போதுமா என்பது இதனினும் கடினமான கேள்வி. தீக நிகாயத்தில் இரண்டு அரசர்களின் கதைகள் வருகின்றன. சக்கவத்தி சீகநாத சூத்திரத்து அரசன் ஏழைகளுக்குப் பொருள் ஒதுக்கத் தவறினான். வறுமை பெருகிற்று. ஒருவன் திருடிப் பிடிபட்டபோது இரங்கிப் பணம் கொடுத்தனுப்பினான். திருடினால் பணம் கிடைக்குமென்று மேலும் பலர் திருடினர். சினந்து தலையை வெட்டினான். மக்கள் ஆயுதம் ஏந்தினர். கொலையும் பொய்யும் வளர்ந்தன. கூடதந்த சூத்திரத்து அரசனோ பெருவேள்வி செய்ய விரும்பியபோது அவனுடைய அந்தணன் தடுத்து, உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், பணியாளனுக்குக் கூலியும் கொடு என்றான். அவன் அவ்வாறே செய்ய, மக்கள் கதவைத் திறந்துபோட்டு உறங்கினர். முதல் அரசனும் கொடுத்தான். துன்பம் முற்றியபின் அழுதவனுக்கு மட்டும் கொடுத்தான். இரண்டாமவன் தொழிலுக்குக் கொடுத்தான். நம் சங்கங்களின் கஞ்சி ஊற்றும் விழாக்கள் எவ்வரசனைச் சார்ந்தவை என்பதை ஆய்ந்து பார்த்தல் தகும்.

ஆதலால், உரிமையைக் கேட்டுப் பெறத் துணைநிற்பதும் தம்மத் தொண்டேயாம். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதியினர்க்கான உரிமை இந்துக்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1956-இல் சீக்கியர்க்கு முழுமையாக விரிந்தது. பௌத்தர்களுக்கு 1990-இல்தான் கிடைத்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் நம் மக்கள் மனத்தில் பௌத்தராகவும் தாளில் இந்துவாகவும் இருந்த காரணம் இது. சட்டம் திருந்திய பின்னும் அச்சம் போகவில்லை. பிள்ளையின் சான்றிதழில் ‘பௌத்தம்’ என்றெழுதினால் உதவித்தொகை நின்றுவிடுமோ எனத் தாயர் இன்றும் நடுங்குகின்றனர். எழுதப்படிக்கத் தெரிந்த உபாசகர் ஒருவர் ஆணையின் நகலோடு அத்தாயை அழைத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்து வாசலில் அரைநாள் காத்திருப்பாராயின், அது மேடையில் நிகழ்த்தும் பத்துச் சொற்பொழிவுக்கு நிகராகும்.

மலக்குழிச் சாவுகளும் இவ்வாறே. மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இலும், அதனினும் விரிந்த சட்டம் 2013-இலும் வந்தன. 1993 முதல் சாக்கடைக்குள் இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் கட்டளையிட்டது. 2023 அக்டோபரில் இழப்பீட்டை முப்பது இலட்சமாக உயர்த்தியது. கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தீர்ப்பைச் சொல்ல ஆளில்லாவிடில் ஒப்பந்தக்காரர் கையில் திணிக்கும் சிறு தொகையோடு அவள் அடங்கிப்போவாள். வாடிய பூக்களை வாரிக் கொட்டி வீதி பெருக்கிய சுனீதரைக் கண்டபோது பகவான் ஒதுங்கிச் செல்லவில்லை. அருகே வந்து நின்று அவரைப் பிக்குவாக அழைத்தார். துடைப்பத்தைப் புனிதமென்று புகழ்ந்து அவர் கையிலேயே விட்டுவரவில்லை என்பதை ஊன்றி நோக்குக.

நோயாளர் நிலை பற்றியும் ஒரு சொல். கல்தூசு நுரையீரலில் படிந்து மூச்சிரைக்கும் பழைய சுரங்கத் தொழிலாளர் பலர் லயன் வீடுகளில் தனித்துக் கிடக்கின்றனர். பிள்ளைகள் இரயிலில் போய்விட, பகலில் கஞ்சி காய்ச்சித் தர ஆளில்லை. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவான் கண்டபோது, தாம் நீர் ஊற்ற ஆனந்தர் கழுவ, தாம் தலைமாட்டைப் பிடிக்க ஆனந்தர் கால்மாட்டைப் பிடிக்க, தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். பிறகே மற்றப் பிக்குகளைக் கூட்டி, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குச் செய்வாராக என்றார். செய்துவிட்டுச் சொன்னார்.

ஆடிப் பௌர்ணமியோடு வஸ்ஸ காலம் தொடங்குகிறது. இம்மூன்று மாதத்திற்கு ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் பகுதியில் தனித்திருக்கும் நோயாளர், முதியோர் பட்டியலொன்றைச் சாதி சமயம் பாராமல் எழுதுமாக. இளைஞர் இருவர் இருவராய் முறைவைத்து, காலையில் ஒருவேளை சென்று நீர் பிடித்து வைத்து, மருந்து வாங்கித் தந்து, சிறிது நேரம் உடனிருந்து வருவாராக. அவர்கள் கேட்டால் திரிசரணம் ஓதலாம். கேளாவிடில் வேண்டா. மாலை வகுப்பு நடத்த இடமில்லையென்னும் கிளைகள் வந்தனை மண்டபத்தையே திறந்துவிடலாம். வாரத்தில் ஆறு மாலை அது பூட்டியே கிடக்கிறது. புத்தர் சிலைக்கு முன் பிள்ளைகள் சத்தமிட்டு வாய்ப்பாடு படிப்பதால் குறையொன்றும் வந்துவிடாது. பட்டியலை எழுதி முடித்த கிளைகள், சேமிப்புக் கணக்கு தொடங்கியிருப்பின் அதன் விவரத்தோடு, கத்தின மாதத்திற்குள் நமக்கு எழுதுவாராக. வரும் இதழ்களில் அவற்றைப் பெயர் குறியாமல் வெளியிடுவோம்.